கோடைப் பயணமும் குடும்பமும்



கோடை என்றதும் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் எண்ணம் எழுகின்றது. தோட்டஞ் செய்பவருக்குக் கிணற்றிலே தாழ்ந்துசெல்லும் நீர்மட்டம் நினைவுக்கு வருகின்றது. பாடசாலைப் பிள்ளைக்கு விடுமுறை நினைவுக்கு வருகின்றது. உத்தியோகத்தருக்கு, மேலதிகாரியிடம் கேட்டுப் பெறவேண்டிய நாலு நாள் ஓய்வு நினைவுக்கு வருகின்றது. வீட்டுத் தலைவிக்கோ, வரப்போகும் விருந்தினருக்காக அரிசி இடித்து மா வறுக்கவேண்டிய வேலையே முதலில் நினைவுக்கு வருகின்றது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு, உற்றார் உறவினரோடும் நண்பர்களோடும் நாம் மேற்கொள்ளும் கோடைப் பயணங்களைப் பற்றிச் சில கருத்துகளை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

குளிர்நாட்டு மக்கள் கோடையில் வெயிலைத் தேடிச் செல்வர். நாமோ நிழலையும் நீரையும் தேடிச் செல்கின்றோம். வடபகுதியிலே சித்திரை பிறந்ததும் நிலம் காய்ந்து வெடிக்கத் தொடங்கும். வைகாசியிலே சோளகக் காற்று எழுந்து புழுதியை வாரி வீசும். ஆயினும், அதே காலத்திலேதான் பனைமரம் நுங்கைத் தருகின்றது. மாமரமும் பலாமரமும் பழுத்துக் குலுங்குகின்றன. வெம்மையும் விருந்தும் ஒருங்கே வரும் இக்காலத்தை நம் முன்னோர் வீட்டினுள் முடங்கிக் கழித்தாரல்லர். கோடையையே தம் பயணகாலமாக வகுத்துக்கொண்டனர்.

அப்பயணங்கள் பெரும்பாலும் திருவிழாவைச் சார்ந்தே அமைந்தன. வைகாசியிலே முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஆனியிலே நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா, ஆடியிலே கதிர்காமம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு யூலை 2ஆந் திகதியும் ஓகஸ்ட் 15ஆந் திகதியும் மடுமாதாவின் பெருவிழாக்கள். வன்னிக் கிராமங்களிலிருந்து கூடார வண்டில்கள் வரிசையாக வற்றாப்பளை நோக்கிப் புறப்படும். மடுக்காட்டிலே மரநிழலிற் குடில் கட்டிக் குடும்பங்கள் நாட்கணக்காகத் தங்கும். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்வோர் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எனக் கீழைக்கரை முழுவதையும் காலால் அளந்து, உகந்தையைக் கடந்து காட்டுவழியே சென்று சேர்வர்.

இவ்வழக்கத்தின் சிறப்பு யாதெனின், எவரும் விடுபடாமையே எனலாம். வண்டிலிலே பாட்டிக்கும் இடம் உண்டு. கைக்குழந்தைக்கும் இடம் உண்டு. செல்வர் தம் வண்டியிற் செல்வர்; இல்லாதவர் அயலவரின் வண்டியிற் செல்வர், அன்றேல் நடந்து செல்வர். அனைவரும் சேருமிடம் ஒன்றே.

நேயர்களே, இன்னுமொன்றையும் இங்கே கவனித்தல் வேண்டும். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் உண்டு. அங்கே மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்குவர். கோயிலை அடைந்தால் அன்னதானம் உண்டு. நயினாதீவிலே அன்னதானம் நடைபெறும் இடம் அமுதசுரபி என்னும் பெயரையே பெற்றுள்ளது. மணிமேகலை கையிலிருந்த அட்சய பாத்திரத்தின் பெயர் அது. காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது நம்மவரிடையே வழங்கிவரும் நம்பிக்கை. ஆண்டு முழுவதும் அடுப்படியிலே நின்ற பெண்ணொருத்தி, பிறர் சமைத்த சோற்றைப் பந்தியிலே அமர்ந்து, பிறர் பரிமாற உண்ணும் நாள் அந்நாள். அன்னதானம் பசித்தோருக்கு உணவு என்பதை அனைவரும் அறிவோம். வீட்டுத் தலைவிக்கு அதுவே விடுமுறையாகவும் இருந்தது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்து, புகையிரதம் வந்தது. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிலே முழுமையாகத் திறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே கொழும்புக் கோட்டைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'யாழ் தேவி' ஓடத் தொடங்கியது. கொழும்பிலே பணிபுரிந்தவர் சித்திரைப் புதுவருடத்துக்கு ஊர் திரும்புவதும், ஊரிலுள்ளோர் விடுமுறைக்குக் கொழும்பும் கண்டியும் காணச் செல்வதும் அதன்பின் எளிதாயின. வாட்டிய வாழையிலையிலே கட்டிய புளிச்சோற்றின் மணம் வண்டிப்பெட்டி முழுவதும் பரவும். முன்பின் அறியாதவரும் ஆனையிறவு கடக்குமுன் உறவாகிவிடுவர்.

அந்தப் பாதை 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போரினால் அறுபட்டது. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்து சேர்ந்தது 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான். இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளிலே ஒரு தலைமுறையே வளர்ந்து பெரியதாயிற்று. அப்பிள்ளைகளுட் பலர் புகையிரதத்தைப் பாடப்புத்தகப் படத்திலேயே கண்டனர். இடம்பெயர்தல் ஒன்றே அவர்கள் அறிந்த பயணமாயிருந்தது. மூட்டை கட்டுதல் என்றால் அச்சம் என்றே அவர்கள் பழகியிருந்தனர். மகிழ்ச்சிக்காகவும் மூட்டை கட்டலாம், திரும்பி வருவோம் என்ற உறுதியோடு வீட்டைப் பூட்டலாம் என்பதை அவர்கள் வளர்ந்த பின்னரே அறிந்தனர். ஆதலால், குடும்பத்தோடு உலாச் செல்வதை வீண்செலவு என்று தள்ளிவிடுவோர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று. அச்சமின்றிப் புறப்பட்டு அச்சமின்றித் திரும்புதல் பெரும்பேறு. அதனைப் பெற்றிருக்கும்போது பயன்படுத்தாமல் விடலாகாது.

எங்கே செல்வது? ஏப்ரில் மாதம் என்றால் பலர் நுவரெலியாவையே நினைப்பர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரிலே சித்திரையிலும் போர்வை வேண்டும். கிறகறி வாவியையும் 1861இலே தொடங்கப்பட்ட ஹக்கல பூந்தோட்டத்தையும் காண மக்கள் திரள்வர். புகையிரதப் பாதை 1867இலே கண்டியையும், 1885இலே நானுஓயாவையும், 1924இலே பதுளையையும் அடைந்தது. தெமோதரையிலே பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த நிலையத்தின் கீழேயே சுரங்கவழியாகச் செல்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், அவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஆயினும், அம்மலைச்சரிவுகளிலே நாம் காணும் பசுமை தானாக முளைத்ததன்று. கண்டிக்குப் புகையிரதம் வந்த அதே 1867ஆம் ஆண்டிலேதான் யேம்ஸ் ரெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிராக நட்டார். அன்று தொடங்கித் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வளர்த்த பசுமை அது. நமக்குக் காட்சியாக இருப்பது அவர்களுக்கு வேலைக்களம். கொழுந்துக்கூடை சுமந்து நிற்கும் பெண்ணைக் கேளாமலே படமெடுப்பதும், நிரைகளுக்குள்ளே புகுந்து மிதிப்பதும் விருந்தாளிக்கு அழகல்ல. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே வந்த 'டித்வா' புயலின்போது அம்மலைகளிலே மண் சரிந்து பல உயிர்கள் மாண்டன. வீதிகளும் புகையிரதப் பாதைகளும் சிதைந்தன. எனவே, மலைநாட்டுக்குப் புறப்படுவோர் வழிநிலைமையை முன்கூட்டியே விசாரித்துச் செல்வது கடமையாகும்.

மலைநாட்டுக்குச் செல்ல எல்லோருக்கும் வசதி வாய்ப்பதில்லை. அதனாற் கவலைகொள்ள வேண்டியதுமில்லை. ஒரு நாளிலே சென்று மீளக்கூடிய இடங்களிலும் அறியவேண்டியவை நிறைய உள. கீரிமலைக் கேணியை எடுத்துக்கொள்வோம். கடலலை வந்து மோதும் இடத்தருகே உப்பற்ற நீர் ஊறிக்கொண்டிருக்கின்றது. குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையைப் பாட்டி கூறட்டும். அந்நீர் வந்த வழியைத் தந்தை கூறட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஐப்பசி கார்த்திகையிலே பெய்த மழை அக்கல்லின் வெடிப்புகளிலே இறங்கி, நிலத்தின் கீழே ஓடிக் கடலோரத்திலே வெளிப்படுகின்றது. நாம் கோடையிலே குளிப்பது மாரியிலே பெய்த மழையில்! இதனை அறிந்த பிள்ளை கிணற்று நீரை வீணாக்கத் தயங்கும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலோ மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் உள்ளன. அளவுக்கு மீறி நீரை இறைத்தால் உவர் மேலேறும் என்ற பாடத்தை அக்கிணற்றங்கரையிலே நின்று சொன்னால் பிள்ளையின் மனத்திலே பதியும். கீழைக்கரையிலே உள்ளோர்க்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அத்தகையனவே.

நேயர்களே, இடங்களைப் பற்றிக் கூறினேன். இனி, செல்லும் முறையைப் பற்றிக் கூறவேண்டும். உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கின்றது.

வாடகை வானொன்றிலே பதினைந்து பேர் புறப்படுகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலை நாலு மணிக்குப் பயணம். அதற்கு முந்திய இரவு பன்னிரண்டு மணிவரை புட்டவித்துச் சம்பல் அரைத்தவர் யார்? சேர்ந்த இடத்திலே, ஏனையோர் நீராடச் சென்றபோது, கல்வைத்து அடுப்பு மூட்டியவர் யார்? அழுத பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு காட்சி எதனையும் காணாமல் நிழலிலே நின்றவர் யார்? திரும்பிவந்த மறுநாள், அனைவரும் உறங்கும்போது, அழுக்குடுப்புகளைத் தோய்த்தவர் யார்? எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே. வீட்டிலே செய்த வேலையை வசதி குறைந்த வேறோர் இடத்திலே செய்வதற்கு விடுமுறை என்று பெயரிடுதல் நீதியாகாது.

பண்டைய யாத்திரையிலே அன்னதான மடம் செய்த உதவியை இன்றைய பயணத்திலே குடும்பத்திலுள்ள ஏனையோர் செய்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து செல்வதாயின், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு வேளைக்குரிய உணவைப் பொறுப்பேற்கலாம். ஒரு வேளை உணவைக் கடையிலே வாங்கலாம். சேர்ந்த இடத்திலே சமைக்க நேரின், விறகும் நீரும் கொணர்வதோடு நில்லாது, ஆடவரே அகப்பையையும் கையிலெடுக்கலாம். திருவிழா மடங்களிலே அண்டா நிறையச் சோறு வடிப்பவர் ஆடவரல்லரோ? அங்கே இயல்வது ஆற்றங்கரையிலே இயலாமற்போவது எவ்வாறு?

இரண்டாவதாக, முதியோரை விட்டுச் செல்லாதீர்கள். 'அம்மாவுக்கு நடக்க இயலாது. அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்று கூறுவது எளிது. மூன்று நாளிலே எட்டு ஊர் பார்க்கவேண்டும் எனத் திட்டமிடுவதாலேயே அவருக்கு வண்டியிலே இடமில்லாது போகின்றது. எட்டை இரண்டாக்குங்கள். ஓரிடத்திலே இரண்டு இரவு தங்குங்கள். சாய்ந்திருக்க ஒரு கதிரையும் அருகிலே மலசலகூடமும் உள்ள இடமா என்று முதலிலே கேட்டறியுங்கள். முதியவர் உடன்வந்தாலன்றோ, 'இந்தக் குளத்தின் பெயர் இது. இந்த வீதியாலே உன் பூட்டனார் வண்டிலோட்டிச் சென்றார்' என்று பேரப்பிள்ளை கேட்க முடியும்? கைத்தொலைபேசி வழி காட்டும். ஆனால் நம் பூட்டனார் எந்த மரத்தின் கீழ் மாட்டை அவிழ்த்தார் என்று அது சொல்லாது.

மூன்றாவதாக, பணத்தைப் பற்றியும் கூறியாகவேண்டும். ஓகஸ்ட் மாதத்தை அண்டி, நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவையொட்டி, கடல்கடந்த நாடுகளிலே வாழும் உறவினர் பலர் ஊர் வருகின்றனர். பல ஆண்டுகளாகக் காணாத மச்சானும் மச்சாளும் கூடும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால், தங்கும் விடுதியைத் தெரிவு செய்பவர் ஒருவர். செலவைச் சமமாகப் பங்கிட்டுக் கடன்படுபவர் வேறொருவர் என்ற நிலை வரலாகாது. வசதி குறைந்த உறவினர், 'எனக்கு லீவு இல்லை' என்று பொய்க்காரணம் கூறி ஒதுங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். அவர் தாங்கக்கூடிய செலவை அளவாகக் கொண்டு பயணத்தை அமைப்பதே உறவுக்கு அழகு. வெளிநாட்டிலே பிறந்த பிள்ளைக்கும், தங்கும் விடுதியைவிட ஒன்றுவிட்ட சகோதரனோடு நுங்கு குடைந்து உண்ட பொழுதே நெடுநாள் நினைவில் நிற்கும்.

நீர்நிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சோளகம் பலமாக வீசும் நாட்களிலே குறிகட்டுவான் துறையிலே படகேறுவோர் படகோட்டிகளின் சொற்கேட்டு, பாதுகாப்பு அங்கியை அணிந்தே செல்லவேண்டும். நெரிசலான படகை விட்டு அடுத்ததிற் செல்வதால் அரைமணி நேரமே பிந்தும். பழக்கமில்லாத குளத்திலும் கடலிலும் பிள்ளைகளைத் தனியே இறங்கவிடாதீர்கள். உண்ட இலையையும் குடித்த போத்தலையும் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்துச் செல்பவரும் நம்மைப்போல ஒரு குடும்பத்தவரே.

இந்தக் கோடையிலே நீங்கள் தொலைவிலுள்ள மலைக்குச் சென்றாலும் சரி, அயலூர்க் கேணிக்குச் சென்றாலும் சரி, புறப்படுமுன் ஒரு கேள்வியை வீட்டிலே கேட்டுப் பாருங்கள்: 'இந்தப் பயணத்திலே ஓய்வு கிடைக்காதவர் யாராவது உண்டா?' உண்டு என்றால், திட்டத்தை மாற்றியமையுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரும் இளையவரும், சமைப்பவரும் உழைப்பவரும் ஒருங்கே மகிழ்ந்து திரும்பும் பயணமே குடும்பப் பயணம் என்ற பெயருக்கு உரியது. அத்தகைய பயணம் உங்கள் அனைவருக்கும் வாய்ப்பதாக!