எழுதுகோலை நம்பி வாழ்ந்தவர்



படிப்பு முடிந்ததும் உங்களை எதிர்கொள்ளும் முதற் கேள்வி, "எங்கே வேலை?" என்பதாகும். "யாரிடத்தும் வேலைக்குச் செல்லவில்லை, நானே ஒரு தொழிலை மேற்கொண்டிருக்கிறேன்" என்று ஒருவன் விடை கூறினால், கேட்டவர் சற்று நேரம் பேசாமல் இருப்பார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதி இல்லாத வாழ்வும் ஒரு வாழ்வாகுமா என்று அவர் ஐயுறுகிறார். அது பொருளற்ற ஐயம் என்று நான் கூற மாட்டேன். ஆகவே அதற்குப் புகழ் மொழிகளால் விடை தேடாமல், ஒரு மனிதருடைய வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்த்து விடை காண முயல்வோம். ஆங்கில மொழிக்குப் பேரகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சன் என்பாரே அம்மனிதர்.

ஜான்சன் 1709-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிச்பீல்டு என்னும் ஊரில், புத்தகக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் வந்த நோய் கண்பார்வையைக் கெடுத்தது. முகத்தில் தழும்பை விட்டுச் சென்றது. 1728-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பதின்மூன்று மாதங்களில் பணம் தீர்ந்தது. பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார். பின்னர் மனைவி கொண்டுவந்த பொருளை முதலாகப் போட்டு, சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். மாணவர் வரவில்லை, பள்ளி மூடப்பட்டது. அங்கே படித்த மிகச் சிலரில் ஒருவர், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற நடிகராகிய டேவிட் காரிக். 1737 மார்ச்சு மாதத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகவே இலண்டனுக்குப் புறப்பட்டனர்.

சொந்தத் தொழிலின் சுதந்திரத்தை விரும்பி அவர் எழுத்துலகிற்கு வந்தார் என்று எண்ணிவிடாதீர்கள். 1739-இல் ஆண்டுக்கு 60 பவுன் ஊதியமுள்ள தலைமையாசிரியர் பதவி ஒன்றுக்கு அவர் முயன்றார். அதற்கு எம்.ஏ. பட்டம் வேண்டும் என்றார்கள். நண்பர்கள் பரிந்துரைத்தும் பட்டம் கிடைக்கவில்லை, பதவியும் கிடைக்கவில்லை. தனித்தொழிலுக்கு வருவோரில் பலர், வேறு கதவுகள் மூடிய பிறகே இக்கதவைத் தட்டுகின்றனர். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உள்ளே வந்தபின் எவ்வாறு உழைத்தார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

எட்வர்டு கேவ் என்பவர் நடத்திய மாத இதழில் ஜான்சன் எழுதத் தொடங்கினார். மொழிபெயர்ப்பு, வாழ்க்கை வரலாறு, முன்னுரை என எது கேட்டாலும் எழுதிக் கொடுத்தார். 1738-இல் வெளிவந்த 'இலண்டன்' என்னும் கவிதைக்கு அவருக்குக் கிடைத்தது பத்துக் கினி. அதாவது பத்துப் பவுனும் பத்து ஷில்லிங்கும். பாராளுமன்ற விவாதங்களை வெளியிடுவது தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. கற்பனை நாட்டின் விவாதங்கள் என்ற பெயரில், கிடைத்த சில குறிப்புகளைக் கொண்டு அவரே சொற்பொழிவுகளை இயற்றி அந்த இதழுக்குத் தந்தார். நன்றாக விற்பனையாயிற்று. ஆனால் அவற்றை உறுப்பினர்களின் உண்மையான பேச்சு என்றே மக்கள் நம்புகின்றனர் என்று அறிந்ததும், அவர் அவ்வேலையை விட்டுவிட்டார். வருவாயை மிகவும் வேண்டி நின்ற காலத்தில் வருவாயை மறுத்தது சிறு செயல் அன்று. மேலதிகாரி இல்லாதவனுக்கு அவனுடைய மனச்சான்றே மேலதிகாரி.

1746-இல் அவர் வாழ்வின் பெரிய ஒப்பந்தம் வந்தது. இலண்டன் புத்தக வணிகர் சிலர் ஒன்றுகூடி, ஆங்கில அகராதி ஒன்றை இயற்றித் தருமாறு கேட்டனர். தொகை 1,500 கினி. காலம் மூன்று ஆண்டு. கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆனால் எழுத்தர்களின் கூலியும் அதற்குள்ளேயே அடக்கம். கஃப் சதுக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, அதன் மேல்மாடத்தில் ஆறு எழுத்தர்களை அமர்த்தினார். நூல்களைத் தாமே படித்து, வேண்டிய சொற்களின் கீழ்க் கோடிட்டுத் தருவார்; எழுத்தர்கள் அந்த வாக்கியங்களைப் படியெடுப்பார்கள். முதலில் வகுத்த முறை பாதி வழியில் பயன்படாமற் போயிற்று. மீண்டும் வேறு முறையில் தொடங்க நேர்ந்தது. மூன்று ஆண்டு என்று சொன்ன வேலை ஒன்பது ஆண்டளவும் நீண்டது. ஒரு வேலையை ஏற்கும்போது, அது இடையில் ஒரு முறையேனும் தவறிப்போகும் என்பதையும் கணக்கிற் சேர்த்துக் காலமும் கூலியும் குறிக்க வேண்டும். ஜான்சன் அதைச் சேர்க்கவில்லை.

ஒப்பந்தப் பணம் மட்டும் போதாதென்று கண்டு, 1750 மார்ச்சு முதல் 'ராம்ப்ளர்' என்ற கட்டுரை இதழை வாரம் இருமுறை எழுதினார். இதழ் ஒன்றுக்கு இரண்டு கினி. உடல் நலமில்லாத நாளிலும் மனம் சோர்ந்த நாளிலும் செவ்வாயும் சனியும் தவறாமல் வந்தன. இதழும் தவறாமல் வந்தது. இவ்வாறு 208 இதழ்கள். 1752 மார்ச்சு மாதத்தில் இறுதி இதழ் வெளிவந்த சில நாட்களில் அவருடைய மனைவி இறந்தார். அதன் பின்னும் அகராதி முடிய மூன்று ஆண்டுகள் இருந்தன.

இவ்விடத்தில் ஒரு பிரபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வள்ளல்களை நாடிச் சென்ற புலவர் மரபை நாம் அறிவோம். இங்கிலாந்திலும் அவ்வழக்கம் இருந்தது. 1747-இல் அகராதியின் திட்டத்தைச் செஸ்டர்பீல்டு பிரபுவை விளித்து ஜான்சன் வெளியிட்டார். பிரபு பத்துப் பவுன் அளித்தார். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாண்டுகள் கழித்து, நூல் வெளிவரப் போகிறது என்று தெரிந்ததும், அதைப் பாராட்டி இரண்டு கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரி 7-ஆம் நாள் ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். தேவைப்பட்ட காலத்தில் வராத உதவி தேவை தீர்ந்த காலத்தில் வந்தது; அதற்கு நன்றி கூறத் தாம் கடமைப்படவில்லை என்பதே அதன் கருத்து. சினம் இருந்தும் அதில் ஒரு கடுஞ்சொல் இல்லை. தன் உழைப்பால் உண்டவன் எவ்வளவு அமைதியாக நிமிர்ந்து நிற்க முடியும் என்பதற்கு அக்கடிதம் சான்றாகும்.

1755 ஏப்ரல் 15-ஆம் நாள் அகராதி இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய 42,000 சொற்கள். அவற்றின் பொருளை விளக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். அதற்குச் சற்று முன்பு ஆக்ஸ்போர்டு அவருக்கு எம்.ஏ. பட்டம் அளித்தது. ஒரு காலத்தில் 60 பவுன் வேலைக்காக வேண்டி நின்ற பட்டம், பல ஆண்டுகள் கழித்து வந்தது.

புகழ் வந்ததே, வறுமை போயிற்றா? இல்லை. மறு ஆண்டு, ஐந்து பவுன் பதினெட்டு ஷில்லிங் கடனுக்காக அவர் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி மீட்டார். 1759-இல் தாயார் இறந்தபோது, ஈமச் செலவுக்கும் சிறு கடன்களுக்குமாக 'ராசலஸ்' என்ற கதையை ஒரு வார மாலை நேரங்களில் எழுதி முடித்தார். சேக்சுபியர் நாடகப் பதிப்புக்கு முன்பணம் வாங்கியவர், பணத்தையும் செலவழித்துவிட்டார். பணம் கொடுத்தோர் பட்டியலையும் தொலைத்துவிட்டார். நூல் வெளிவந்தது 1765-இல். அதற்குள் ஊரார் ஏளனம் செய்தனர். பின்னாளில், 1777-இல், கவிஞர்களின் வரலாறு எழுத வணிகர்கள் வந்து, விலையை நீங்களே சொல்லுங்கள் என்றனர். அவர் கேட்டது 200 கினி. ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள் என்று அவர் காலத்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

எனவே தனித்தொழில் புரிய விரும்பும் மாணவர்களே, ஜான்சனிடமிருந்து உழைப்பைக் கற்றுக் கொள்ளுங்கள். கணக்கு எழுதுவதை வேறு யாரிடமாவது கற்றுக் கொள்ளுங்கள்! வந்ததையும் போனதையும் அன்றாடம் குறித்து வையுங்கள். வாங்கிய முன்பணம் இன்னும் உங்களுடையதாகவில்லை என்று நினையுங்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பியிராமல் இரண்டு மூன்று பேரிடம் வேலை வாங்குங்கள். உங்கள் திறமை வளர வளர, கூலியும் வளர வேண்டுமென்று கேட்பதற்குக் கூசாதீர்கள். குறித்த நாளில் வேலையைக் கொடுங்கள்; கொடுக்க முடியாதென்று தெரிந்தால் அந்நாளுக்கு முன்பே சொல்லி விடுங்கள். உங்களுக்கு விளம்பரம் செய்யும் ஆள் உங்களிடம் வேலை வாங்கித் திருப்தியடைந்தவரே.

1762-இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 300 பவுன் உதவித் தொகை வழங்கினார். 'பென்ஷன்' என்ற சொல்லுக்கு, நாட்டுக்குத் துரோகம் செய்பவனுக்கு அரசு தரும் கூலி என்பது போல ஏளனமாகப் பொருள் எழுதியவர் ஜான்சனேயாவார்! ஏற்கலாமா என்று நண்பர்களைக் கேட்டுத் தயங்கினார். இனிச் செய்யப் போவதற்காக அன்று, செய்து முடித்ததற்காகவே தருகிறோம் என்று அமைச்சர் உறுதி கூறிய பின்னரே ஏற்றார். சிலர் பழித்தனர். ஆனால் பாருங்கள்: இருபத்தைந்து ஆண்டுகள் எழுதுகோலை நம்பி வாழ்ந்தவருக்கும், முதுமை நெருங்கும்போது நிலையான வருவாய் ஒன்று ஆறுதலாகவே இருந்தது. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நான் செய்யும் தீங்காகும். தனித்தொழில் செய்வோன் தன் முதுமைக்கான பொருளை இளமையிலேயே சேர்க்கத் தொடங்க வேண்டும். எல்லாருக்கும் அரசர் உதவித் தொகை அனுப்ப மாட்டார்.

அப்படியானால் இவ்வளவு துன்பத்துக்கும் அவர் கண்ட பயன் என்ன? அகராதியிலேயே விடை இருக்கிறது. இலண்டனில் கிரப் தெரு என்று ஒன்று இருந்தது. கூலிக்கு எழுதும் ஏழை எழுத்தாளர்கள் வாழ்ந்த இடமாதலால், அப்பெயர் இழிந்த எழுத்துக்கே பெயராயிற்று. அச்சொல்லை ஜான்சன் ஒதுக்கவில்லை. அகராதி எழுதுவோரும் அங்கே வாழ்கின்றனர் என்று பொருள் எழுதித் தம்மையும் அவர்களோடு சேர்த்துக் கொண்டார். அதன் கீழே, நெடுநாள் அலைச்சலுக்குப் பின் தாயகமாகிய இத்தாக்கா தீவைக் கண்டு வணங்கும் கிரேக்கச் செய்யுள் அடிகளையும் அமைத்தார். உலகம் இகழ்ந்த தெருவைத் தம் வீடென்று வணங்கினார். தன் தொழிலைப் பார்த்து இவ்வாறு வணங்கக் கூடியவனுக்கு மனநிறைவைப் பற்றி வேறு யார் கற்பிக்க வேண்டும்?

அந்த மேல்மாடம் இன்றும் இலண்டனில் இருக்கிறது; அவ்வீடு காட்சிச் சாலையாக விளங்குகிறது. நாளை உங்களை யாரேனும், "எங்கே வேலை?" என்று கேட்டால், நீங்கள் எவ்விடையையும் கூறலாம். அலுவலகம் செல்வதும் நல்ல வாழ்வே. ஆனால் "என் வேலை என்னிடத்தில் இருக்கிறது" என்று கூற விரும்புவோர், அதைக் கூறும் முன், அந்த வேலையைக் குறித்த நாளில் குறைவின்றிச் செய்து முடிக்கும் ஆற்றலைத் தேடிக் கொள்ளுங்கள். அதன் பின் கேட்பவருடைய மௌனம் உங்களை வருத்தாது.