படகு மின்கலமும் பச்சை விளக்கும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய இரு நாட்களையும் தாமிரபரணிக் கரையில் வாழ்கின்ற எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டித் தீர்த்தது. ஆறு கரை கொள்ளாமல் பாய்ந்தது. ஏரலும் ஆத்தூரும் வெள்ளத்துக்குள் நின்றன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் வண்டியே பயணிகளோடு நகர முடியாமல் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. கடலிலே மீன் பிடிக்கும் படகுகள் ஊருக்குள்ளே வந்து, மாடியில் நின்றவர்களை ஏற்றிக் கரை சேர்த்தன.

அவ்வாறு வந்த படகுகளில் ஒன்று எனக்குத் தெரிந்தவருடையது. ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலைச் சேர்ந்தவர் அவர். அவருடைய மகன் என்னிடம் மின்னியல் பயின்றவர். அந்த வழியில் ஏற்பட்ட பழக்கம். 18-ஆம் தேதி இரவு அவர் படகில் ஒரு தேடு விளக்கு இருந்தது. அதற்கு மின்சாரம் தர 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம், அதாவது நாம் பாட்டரி என்று சொல்லுகிறோமே, அது ஒன்றும் இருந்தது. விளக்குக்கு 5 ஆம்பியர் தேவை. ஆகவே பத்து மணி நேரம் தாராளமாக எரியும் என்பது அவர் போட்டிருந்த கணக்கு. ஆனால் நான்கு மணி நேரம்கூட எரியவில்லை.

அப்போது ஒரு வீட்டு மாடியில் முதிய தாய் ஒருவரும் அவர் பேரனும் நின்றிருந்தார்கள். படகில் இடமில்லாமையால், "ஆத்தா, இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு இவர் முதலில் ஏறியவர்களைக் கரையில் விடச் சென்றார். திரும்பும்போது விளக்கு மங்கியது, பிறகு அணைந்தது. தண்ணீருக்கு அடியில் வேலிக் கல்லும் மின்கம்பியும் எங்கெங்கே கிடக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? இருட்டில் படகைச் செலுத்துவது இருப்பவர்களையும் இழப்பதாகும். விடியும்வரை காத்திருந்து, வெளிச்சம் வந்த பின்னரே சென்று அவர்களை அழைத்துவந்தார். இருவரும் நலமே. ஆயினும் அந்த இரவு முழுவதும் அவர்கள் மழையில் நின்றார்கள்.

சில வாரங்களுக்குப் பின்னர் அவர் அந்த மின்கலத்தையும், அதற்கு மின்னேற்றும் கருவியையும் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். "அவங்க ஒண்ணும் சொல்லலை சார். எனக்குத்தான் மனசு கேக்கல. சார்ஜர்லே பச்சை விளக்கு எரிஞ்சுதே, அது பொய்யா சொல்லிச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் அவருக்குச் சொன்ன விடையே இன்றைய என் பேச்சு.

முதலில் மின்கலத்தைப் பார்ப்போம். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலக் கரைசலில் நிறுத்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் கூடிய கலத்தை 1859-இல் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே செய்து காட்டினார். அதன் வழிவந்தவையே இன்றைய கார் பாட்டரியும், வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியும், படகு பாட்டரியும். வழி ஒன்றானாலும் இயல்பு ஒன்றன்று. கார் பாட்டரி பந்தயக் காளை போன்றது. எஞ்சினைக் கிளப்புவதற்குச் சில விநாடிகள் பாய்ந்து ஓடும், பிறகு ஓய்வெடுக்கும். அதற்காக அதில் மெல்லிய தகடுகள் பலவாக அடுக்கப்பட்டிருக்கும். விளக்கும், வழிகாட்டும் கருவியும், மீன் கூட்டம் அறியும் கருவியும் இரவெல்லாம் இயங்க வேண்டிய படகுக்கு உழவு மாடு வேண்டும். நெடுநேரம் சிறிது சிறிதாகக் கொடுத்து, மிகவும் வெறுமையான பிறகும் மீண்டும் நிறையும் ஆற்றல் வேண்டும். இதற்காகத் தடித்த தகடுகளோ குழாய் வடிவத் தகடுகளோ வைத்துச் செய்கிறார்கள். கடைகளில் ட்யூபுலர் பாட்டரி என்று விற்பது இவ்வகையைச் சேர்ந்தது. நண்பரின் மின்கலமும் அதுவே. அதில் அவர் தவறு செய்யவில்லை.

தவறு மின்னேற்றியில் இருந்தது. அது இருசக்கர வண்டியின் சிறு பாட்டரிக்கென்று செய்தது. விலை மலிவு, கைக்கு அடக்கம். உழவு மாட்டுக்கு ஆட்டுக்குட்டியின் தீனியை வைத்தது போல் ஆயிற்று.

இதை விளங்கிக்கொள்ள நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மருதூர் அணையிலிருந்தும் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்தும் கால்கள் வழியாகத் தண்ணீர் வந்து குளங்களை நிரப்புகிறது. குளம் நிறைந்ததும் மறுகால் பாய்கிறது. மறுகால் பாய்ந்தால் குளம் நிறைந்தது என்று பொருள். ஆனால் பல ஆண்டுகள் தூர் வாராத குளமும் மறுகால் பாயத்தான் செய்கிறது. நல்ல குளத்தைவிட விரைவாகவே பாய்கிறது! ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு? முக்கால் பங்கு வண்டல் அல்லவா?

மின்கலத்துக்கும் வண்டல் உண்டு. மின்சாரம் இறங்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற வெண்மையான பொருள் படிகிறது. உடனே, முழுமையாக மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலையை அடையும். அரைகுறையாக ஏற்றி, அரைகுறையாகவே நாட்கணக்கில் விட்டுவைத்தால் அது கெட்டிப்பட்டுவிடும். பின்னர் என்ன முயன்றாலும் முழுவதும் கரைவதில்லை. அப்படிக் கெட்டிப்பட்ட தகட்டில் மின்னேற்றும்போது வோல்ட் அளவு வெகுவிரைவில் உயர்ந்துவிடும். அதைக் கண்ட சிறு மின்னேற்றி, கலம் நிறைந்துவிட்டது என்று எண்ணிப் பச்சை விளக்கைக் காட்டும். அந்த விளக்கு பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லிற்று. தூர்ந்த குளம் மறுகால் பாய்ந்த கதை அது.

அவர் கண் முன்னாலேயே நான் அந்தக் கலத்தின் நீரைச் சோதித்துக் காட்டினேன். ஹைட்ரோமீட்டர் என்ற சிறு கண்ணாடிக் கருவியால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கலாம். இத்தகைய கலம் நிறைந்திருந்தால், செய்தவர் குறித்திருக்கும் அளவுக்கேற்ப 1.240 முதல் 1.265 வரை காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்த பிறகும் அது 1.180-ஐத் தாண்டவில்லை. ஆகவே, மூடி திறக்கக்கூடிய மின்கலம் வைத்திருப்பவர் விளக்கை நம்புவதைவிட ஹைட்ரோமீட்டரை நம்புவது நன்று.

"அப்படியானால் பெரிய சார்ஜராக, 40 ஆம்பியரில் வாங்கிவிடட்டுமா?" என்று நண்பர் கேட்டார். அதுவும் கூடாது. சிறு மடை வழியே பெருவெள்ளத்தைத் திறந்தால் கரை உடையும். மிகுந்த மின்னோட்டத்தால் கலம் சூடேறும், நீர் வற்றும், தகடு உதிரும். இத்தகைய கலத்துக்குப் பொதுவான கணக்கு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது. 100 ஆம்பியர்-மணிக்கு 10 ஆம்பியர். சற்று விரைவு வேண்டுமானால், செய்தவர் இசைந்தால், 20 வரை போகலாம்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இரவில் 50 ஆம்பியர்-மணி செலவாயிற்று என்று கொள்வோம். செலவானதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்ற வேண்டும், அதாவது 60. பத்து ஆம்பியரில் 6 மணி நேரம். ஆனால் கடைசிப் பகுதி மெதுவாகவே ஏறும். எனவே எட்டு மணி நேரம் ஒதுக்குவது முறை. கரையில் அவ்வளவு நேரம் மின்சாரம் கிடைக்குமா என்று பார்த்தே மின்னேற்றியை வாங்க வேண்டும்.

அளவை அடுத்துப் பார்க்க வேண்டியது முறை. நல்ல மின்னேற்றி மூன்று நிலைகளில் வேலை செய்யும். முதலில் மடையை முழுவதும் திறந்ததுபோல் நிறைந்த மின்னோட்டத்தைச் செலுத்தும். 12 வோல்ட் கலத்தில் அளவு ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும், அந்த அழுத்தத்தை மாற்றாமல் நிறுத்தி, மின்னோட்டத்தை மட்டும் படிப்படியாகக் குறையவிடும். இந்த இரண்டாம் நிலையே மிக முக்கியமானது. வெண்படிவு கரைந்து முடிவது இங்கேதான். மலிவான கருவிகள் பலவும் இதைச் சுருக்கிவிடுகின்றன, அல்லது விட்டேவிடுகின்றன. மூன்றாவதாக, கலம் நிறைந்த பின்னர் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, தானாகக் கசியும் மின்சாரத்தை மட்டும் ஈடுசெய்துகொண்டிருக்கும். வெயிலில் குளத்து நீர் வற்றும் அளவுக்கு மட்டும் காலில் தண்ணீர் விடுவது போன்றது அது.

இன்னொன்று. இந்த வோல்ட் எண்கள் 25 டிகிரி வெப்பத்துக்கு வகுத்தவை. நம் நெல்லையின் சித்திரை வெயிலில் படகின் அடித்தட்டு எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ கால் வோல்ட் குறைக்க வேண்டும். வெப்பத்தை அறிந்து தானே குறைத்துக்கொள்ளும் மின்னேற்றிகள் உண்டு. நம் பக்கத்துக்கு அவையே ஏற்றவை.

மின்கலத்தின் வகையையும் மின்னேற்றியில் குறிப்பிட வழி இருக்க வேண்டும். நீர் ஊற்றும் கலம், மூடி முத்திரையிட்ட கலம், கூழ் நிரப்பிய கலம் ஆகிய மூன்றுக்கும் வோல்ட் அளவு வெவ்வேறு. கூழ்க் கலத்தில் அளவு மீறினால் கூழுக்குள் குமிழி தோன்றிக் கலம் கெட்டுவிடும். இப்பொழுது லித்தியம் மின்கலங்களும் படகுகளுக்கு வருகின்றன. அவற்றுக்கு அவற்றுக்கென்றே செய்த மின்னேற்றிதான் வேண்டும். ஈயக் கலத்தின் படிவைக் கரைக்க அழுத்தத்தை ஏற்றும் கருவியை லித்தியத்தில் மாட்டக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மின்னேறும்போது நீர்க் கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆகவே காற்றோட்டம் வேண்டும். அருகில் பீடி பற்றவைக்கக் கூடாது. கவ்விகளை மாட்டிய பின்னரே மின்விசையைப் போடுங்கள். விசையை அணைத்த பின்னரே கழற்றுங்கள். கடல்நீர் கலத்துக்குள் புகுந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும். கலத்தை உயரமாகவும் இறுக்கமாகவும் அமையுங்கள். குறைந்த நீருக்கு டிஸ்டில்டு வாட்டரை மட்டுமே ஊற்றுங்கள், அமிலம் வேண்டாம். ஈரத் தரையில் மின்னேற்றுபவர்கள், மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை வீட்டு இணைப்பில் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பரின் பழைய கலத்தை மீட்க இரண்டு நாள் முயன்றேன். வண்டல் இறுகிவிட்டிருந்தது, பயன் இல்லை. புதுக் கலம் ஒன்றும், அதற்கு ஏற்ற 10 ஆம்பியர் மின்னேற்றி ஒன்றும் வாங்கினார். கலத்தைவிட மின்னேற்றிக்கு மிகுதியாகச் சிந்தித்துச் செலவு செய்தது இதுவே முதல் முறை என்றார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. எனவே சனிக்கிழமை மாலையில் மாட்டினால், மறுநாள் பூசைக்குப் போய்வரும் வரை கலம் நிதானமாக நிறைகிறது. பிறகு ஹைட்ரோமீட்டரை எடுத்து ஆறு அறைகளையும் அளந்து, ஒரு பழைய குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார். சென்ற முறை நான் அங்கே போயிருந்தபோது அந்தக் குறிப்பேட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில் எண் எதுவும் இல்லை. ஏரல் பக்கத்தில் உள்ள அந்தத் தாயின் தெருப் பெயர் மட்டும் எழுதியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

1944-இல் பாபநாசத்தில் இதே ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆறும் மின்சாரமும் நமக்குப் பழகியவை. பழகிவிட்ட பொருளை நாம் சோதிப்பதில்லை. விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். படகு வைத்திருப்பவரும், வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவரும் அடுத்த மழைக்காலம் வருமுன் ஒரு நாளை ஒதுக்கி, தங்கள் மின்கலம் எத்தனை மணி நேரம் உண்மையாகவே உழைக்கிறது என்று எரியவிட்டுப் பார்த்து, அன்றே மீண்டும் முழுமையாக நிரப்பிவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். குறை இருந்தால் அதை வெயில் காலத்தில் அறிவது நல்லது. வெள்ளத்து இரவில் அறியக் கூடாது.