வண்ணத்திற்கு முன் ஒரு குளியல்

1965ஆம் ஆண்டுப் போரில் பறந்த ‘நாட்’ விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியொன்றைப் பல மாலைகள் அமர்ந்து ஒட்டி, வண்ணமும் பூசி முடிக்கிறோம். மறைப்பு நாடாவை உரித்தால் வண்ணமும் உடன் பெயர்ந்து வருகிறது! பழியை வண்ணத்தின்மேல் போடுகிறோம். வார்ப்பச்சிலிருந்து பாலிஸ்டைரீன் எளிதில் கழலத் தடவிய பொருளின் எச்சமும், நம் விரல்களின் எண்ணெயுமே பல வேளைகளில் காரணமாகின்றன.

ஆகவே உறுப்புகளைச் சட்டத்திலிருந்து வெட்டுமுன்னரே, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில், மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுதல் நலம். கொதிநீர் ஆகாது, மெல்லிய இறக்கை வளைந்துவிடக்கூடும். நீர் போகும் வழியில் வடிகட்டி ஒன்று இருக்கட்டும். கழன்ற சக்கரம் சாக்கடையில் விழுந்தால் அதைத் தேடுவார் யார்? நன்கு அலசித் தானாக உலர விடுவோம். உலர்ந்ததைத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகித் தூசியை ஈர்க்கும். அசிட்டோனையோ நாடவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.