கட்டற்ற கருவிகளும் நம் எழுத்தும்

(புதுக்கோட்டையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இதழில் ஓர் அயற்சொல் நுழைந்துவிட்டால் மறு திங்களே கண்டித்து மடல் எழுதுகின்றவர்கள் நாம். ‘உபயோகம்’ என்றிருந்தால் ‘பயன்’ என்று திருத்தாமல் உறங்கோம். அது நம் கடமை. ஆனால், அவ்வளவு விழிப்போடு திருத்திய பக்கத்தைக் கணினியில் எந்த எழுத்துருவால் கோக்கின்றோம், எந்த மென்பொருளால் அமைக்கின்றோம் என்று நம்முள் எத்துணைப் பேர் கேட்டிருக்கின்றோம்?

பாமினி என்னும் எழுத்துருவை அச்சுத்தொழிலில் உள்ளார் அனைவரும் அறிவர். அதில் ‘தமிழ்’ என்று கோத்தால் திரையில் தமிழ்தான் தெரியும். ஆனால் கணினியின் உள்ளே பதிவாவது என்ன? ஆங்கிலத்தின் சே, கே, பி, ஓ என்னும் நான்கெழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்! ‘தமிழ்’ என்னும் சொல்லே அங்கு இல்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் முகமூடி அணிந்து நிற்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்று விழும். பொருளற்ற ஆங்கிலக் குவியலே எஞ்சும். தேடுபொறியில் தேடினால் கிட்டாது. பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் பொறியோ அதைத் தமிழென்றே அறியாது. சொல்லில் தூய்மை காத்த நாம் எழுத்தையே பறிகொடுத்திருக்கின்றோம்.

அவ்வெழுத்துருக்களை ஆக்கியோரைக் குறை கூறுவது முறையன்று. கணினியில் தமிழுக்கு இடமே இல்லாத காலத்தில் அவர்கள் இடம் தேடித் தந்தனர். ஆனால் 1991 இல் ஒருங்குறி வந்து, தமிழ் எழுத்துகளுக்கு உலகப் பொதுவான தனி எண்கள் அமைந்துவிட்டன. 2010 இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. பின்னும் ஏன் பழைய எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழுகின்றோம்? கரணியம் எளிது. அச்சகங்கள் பலவற்றில் ஓடுவது, ஆக்கியவர்களே கைவிட்டுவிட்ட ஒரு பழைய பக்க அமைப்பு மென்பொருள். அதுவும் திருட்டுப்படி. அதற்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. திருட்டுப்படிக்கு விலையில்லை என்று மகிழ்கின்றோம். நம் எழுத்தையே அதற்கு விலையாகத் தந்துகொண்டிருக்கின்றோம்.

மாற்று உண்டு. அதன் பெயர் கட்டற்ற மென்பொருள். இப்பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அதனால் அவ்வியக்கத்தார் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லியே களைத்துப் போயினர். தமிழுக்கு அத்தொல்லை இல்லை. விலையின்மை வேறு, கட்டின்மை வேறு. 1983 இல் அமெரிக்கரான ரிச்சர்டு சுடால்மன் தொடங்கிய இவ்வியக்கம் கேட்டது கட்டின்மையே. ஒரு மென்பொருளை எப்பணிக்கும் இயக்கலாம்; அதன் மூலநிரலை ஆய்ந்து நமக்கேற்ப மாற்றலாம்; படியெடுத்துப் பிறர்க்குத் தரலாம்; மாற்றியதையும் வெளியிடலாம்.

இதில் நம் இயக்கத்துக்குரிய ஊதியம் ஒன்றுண்டு. அடைத்த மென்பொருளில் பட்டியில் எச்சொல் வரவேண்டும் என்று முடிவு செய்வது எங்கோ உள்ள ஒரு குழுமம். கட்டற்ற மென்பொருளில் அச்சொல்லை நாமே இட முடியும். 2000 ஆம் ஆண்டையொட்டிக் கனடாவில் வாழ்ந்த வெங்கட்ரமணனும் தோழர்களும் இலினக்சு கணினித் திரையைத் தமிழாக்கியபோது எவரிடமும் இசைவு கேட்டு நிற்கவில்லை. இப்படித் தமிழாக்கும் இடங்களில் நம்மனோர் எத்துணைப் பேர் இருக்கின்றனர்? கலப்புச் சொல்லைக் கண்டால் வெளியே நின்று வைவதைவிட, உள்ளே சென்று நல்ல சொல்லை இடுவது மேல்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். ‘விலையின்றி எடுத்துக்கொள்க’ என்று மின்னும் பக்கங்களில் தேடாதீர்கள். அவற்றில் பாதி திருட்டு, மீதி நச்சுநிரல். ஆக்கியவர் பெயரும் உரிமமும் வெளிப்படையாக இருக்கும் இடத்தில் தேடுங்கள். பக்கம் அமைக்க இசுகிரைபசு உள்ளது. 2024 தொடக்கத்தில் வந்த அதன் 1.6 ஆம் பதிப்பு ஒருங்குறித் தமிழை முறையாகக் கோக்கும். படம் திருத்தக் கிம்பு. எழுத்துருக்களில் மீரா இனிமை, முக்தா மலர், கட்டமரன் முதலியன திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. (நம் கட்டுமரம் ஆங்கிலம் சென்று ‘கட்டமரன்’ ஆகி எழுத்துருப் பெயராய்த் திரும்பி வந்திருக்கின்றது; வரவேற்போம்!) பழைய கோப்புகளை மாற்றச் செருமனிக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி உண்டு. சித்தன்னவாசல் படமோ குடுமியான்மலைப் படமோ வேண்டுமெனில் விக்கிமீடியா பொதுவகத்தில் பாருங்கள். ஆனால் எடுத்தவர் பெயரை விடாது அச்சிடுங்கள். பெரும்பாலான உரிமங்கள் அப்பெயரைக் கேட்கின்றன. அதையும் தராமல் எடுப்பது களவே.

எடுப்பது மட்டும் போதாது; கொடுக்கவும் வேண்டும். இம்மாவட்டத்துக்கு அதைப் பிறர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கு நடந்தபோது எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்ற பெண்கள் பல்லாயிரவர். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள், அவள் மற்றொருத்திக்கு. கல்லுடைக்கும் பெண்டிரும் களையெடுக்கும் பெண்டிரும் அப்படித்தான் ஏறி மிதித்தனர். கட்டற்ற மென்பொருள் உலகில் பரவியதும் இவ்வழியே. விழுப்புரத்தில் குனு இலினக்சுப் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்க்கு இன்று அவ்வாறே கற்பிக்கின்றனர்.

நாம் கொடுக்கக் கூடியது எது? நம் கண்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கலியாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடு நாடாய்ச் சிதறிய தமிழர் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டிச் சேர்த்தனர். பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பொது உரிமையில் வழங்க, அவை விக்கிமூலத்தில் ஏறின. அவற்றின் பக்கப் படங்களை எழுத்துணரி படித்து எழுத்தாக்கியது. பொறி அன்றோ? ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் மயங்கும், ஒற்றை விழுங்கும். பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்க ஆளின்றி அந்நூல்கள் கிடக்கின்றன. ஒற்றுப்பிழை கண்டால் உறக்கம் வராத நம்மைவிட அப்பணிக்கு உரியார் யார்? திருக்கோகர்ணத்தில் பா. கிருட்டிணமூர்த்தி, தோரத்தி இணையர் தம் உழைப்பால் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தைக் கண்டவர் அறிவர், (பெயர் வடசொல்லாயினும் பணி தமிழ்ப்பணி) ஒரு நூலைக் காப்பது எத்துணை அரிய தொழில் என்பதை.

இளைஞர்களே, அடுத்த திங்கள் கூட்டத்துக்கு மடிக்கணினி உள்ளோர் அதைக் கொண்டு வாருங்கள். இதழ் நடத்துவோர் தம் பழைய கோப்புகளைத் தட்டிலோ வட்டிலோ எடுத்து வாருங்கள். எந்த எழுத்துருவில் கோத்தது என்பதை மட்டும் மறவாது குறித்து வாருங்கள். அது தெரியாவிட்டால் மாற்றும் வேலை இரு மடங்காகும்.