கவுன்டர் திரை கறுத்துப்போனால்: லினக்ஸில் எந்த கிராபிக்ஸ் டிரைவர் நல்லது?

(சேவை மையப் பணியாளர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு டிரைவர் பத்திப் பேசப் போறேன். பஸ் ஓட்டுற டிரைவர் இல்லீங்க; உங்க கணினிக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் டிரைவர். அதற்கு முன்னால், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சேவை மையத்தில் லினக்ஸ் கணினி ஒன்றை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். அதில் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. லினக்ஸோடு வந்த திறமூல டிரைவரே திரையை நன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால், "கம்பெனி டிரைவர் போட்டா இன்னும் வேகமா ஓடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கார்டு தயாரித்த நிறுவனத்தின் தனியுரிம டிரைவரைப் போட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அங்கே வேலை பார்த்த தம்பி வழக்கம்போல அப்டேட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் கணினியைப் போட்டால் திரை கறுப்பு. பிரிண்டர் இணைத்திருந்ததும் அதே கணினிதான். வெளியே வரிசை நிற்கிறது. ஒரு அம்மா, "தம்பி, பொண்ணு காலேஜ் அப்ளிகேஷனுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். வருமானச் சான்று மட்டும் எடுத்துக் குடுத்துருப்பா" என்று கெஞ்சியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் 1 மணி. சரிசெய்ய ஆனது 10 நிமிடம்தான். ஆனா அதுக்குள்ள அந்த அம்மா பக்கத்து ஊர் மையத்துக்கு பஸ் ஏறிட்டாங்க.

என்னதான் நடந்தது?

லினக்ஸின் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். திறமூல டிரைவர் கெர்னலின் ஓர் அங்கம். கெர்னலை மாற்றுகிறவர்கள், அந்த மாற்றத்துக்கு ஏற்ப டிரைவரையும் சேர்த்தே திருத்திவிடுவார்கள். தனியுரிம டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதன் இணைப்புப் பகுதியைப் புதிதாகக் கட்டிப் பொருத்த வேண்டும். பெரும்பாலும் இது தானாகவே நடந்துவிடும். நடக்காத அன்றைக்குத் திரை கறுப்புதான். அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான்.

நம்ம ஊர் மோட்டாரை நினைச்சுப் பாருங்க. மோட்டார் எரிஞ்சா, காயில் கட்டுறவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கார். ஆனா கம்பெனி சீல் வைத்த மோட்டாராக இருந்தால், கம்பெனி ஆள் வரும்வரை பயிருக்குத் தண்ணீர் இல்லை. திறமூலம் என்றால் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம். தனியுரிமம் என்றால் சாவி நிறுவனத்திடம் மட்டுமே.

நிறுவனங்களும் ஒரே மாதிரி இல்லை. இன்டெல் நிறுவனம் தன் கிராபிக்ஸுக்கான லினக்ஸ் டிரைவரை நெடுங்காலமாகத் திறமூலமாகவே தருகிறது. ஏஎம்டி 2007இல் தன் சில்லுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட முன்வந்தது. 2015 முதல் அதன் புதிய திறமூல டிரைவர் கெர்னலிலேயே வருகிறது. என்விடியா நெடுநாள் கதவைத் திறக்கவில்லை. ஆர்வலர்கள் அந்தக் கார்டுகள் எப்படி இயங்குகின்றன என்று தாங்களே ஆராய்ந்து 'நூவோ' என்ற திறமூல டிரைவரை எழுதினார்கள். 2010இல் அது கெர்னலில் சேர்ந்தது. 2012இல் பின்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே என்விடியாவைக் கடுமையாகத் திட்டினார். 2022 மே மாதம்தான் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது. மேலடுக்கு இன்னும் மூடியேதான் இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். திறமூல டிரைவர் எல்லா இடத்திலும் ஜெயிக்காது. என்விடியா ஜிஃபோர்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகளில் நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைக் கூட்ட முடியாது. அதனால் அங்கே நூவோ மெதுவாகத்தான் ஓடும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம், செயற்கை நுண்ணறிவு போன்ற வேலைகளுக்கு என்விடியா கார்டு வாங்கியிருந்தால், நிறுவனத்தின் டிரைவரைப் போடுவதே சரி. அதேபோல, இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் திறமூலம்தான் என்றாலும், அவை பயன்படுத்தும் ஃபர்ம்வேர் மூடியதே.

ஆனா நம்ம கவுன்டர்ல என்ன வேலை நடக்குது? பிரவுசரில் படிவம் நிரப்புகிறோம், ஸ்கேன் பண்றோம், பிரிண்ட் எடுக்கிறோம். இதற்கு வேகமான கிராபிக்ஸ் தேவையே இல்லை. தினமும் காலையில் திரை வந்தால் போதும்.

பழைய கணினிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசைக்கான நிறுவன டிரைவருக்கு 2022 இறுதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. கார்டு நல்லாத்தான் இருக்கும். ஆனால் புதுக் கெர்னலோடு அந்த டிரைவர் ஒத்துப்போகும் என்று இனி யாரும் உறுதி தரமாட்டார்கள். கணினியை அப்டேட் செய்யாமல் வைத்தால் பாதுகாப்புக் குறை. மக்களின் ஆதார் எண்ணும் சான்றிதழ்களும் கடந்துபோகிற கணினியில் அது கூடவே கூடாது. திறமூல டிரைவர் இருந்தால் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

உங்கள் மையத்தில் லினக்ஸ் இருந்தால் இவற்றைச் செய்யுங்க:

1. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரியைப் பாருங்க. இன்டெல் அல்லது ஏஎம்டி என்றிருந்தால் எதையும் தனியாகப் போட வேண்டாம். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் வேலை செய்யவில்லை, பிராசஸரே திரையை வரைகிறது என்று அர்த்தம்.

2. தனியுரிம டிரைவர் தேவைதான் என்றால், உபுண்டுவில் உள்ள 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாகவே போடுங்க. இணையத்தில் கிடைக்கிற கோப்பை இறக்கிப் போடாதீங்க. செக்யூர் பூட் இருக்கும் கணினியில் அப்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத்திரை ஒன்று வந்து அதையே கேட்கும். அதைத் தாண்டிப் போனால் டிரைவர் ஏறாது.

3. அப்டேட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீங்க. ரீஸ்டார்ட் செய்து, திரை வருகிறதா என்று பார்த்த பிறகே பூட்டுங்க.

4. திரை கறுத்தால் பதற வேண்டாம். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. பெரும்பாலும் திரை திரும்பி வந்துவிடும். அன்றைய வேலையை முடித்துவிட்டு, மாலையில் நிதானமாகச் சரிசெய்யலாம்.

இந்த நான்காவதை அந்தத் தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த அம்மா அன்றைக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டார். சொல்லிக்கொடுக்காதது என் தவறு. அதனாலதான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்றேன். இதை ஒரு தாளில் எழுதி, உங்கள் கணினிப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்க.