துறவியின் சம்பளமும் வருமான வரியும்



அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஒரு கன்னியாஸ்திரீ ஆசிரியையாக இருக்கிறார். சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. வறுமை விரதம் பூண்டவராதலால், அதில் ஒரு காசும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் தம் துறவியர் சபைக்கே அளித்துவிடுகிறார். அவரிடம் மத்திய அரசு வருமான வரி பிடிக்கலாமா?

இது கற்பனைக் கேள்வியன்று. 1944-லும் 1977-லும் வெளியான வரி வாரியச் சுற்றறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டு, நெடுங்காலம் இச்சம்பளங்களில் வரி பிடிக்கப்படவில்லை. பின்னர்ப் பிடித்தம் தொடங்கவே, சபைகள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. தனி நீதிபதி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மத்திய அரசின் மேல்முறையீட்டில், 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றிற்று.

விரதம் பூண்ட துறவிக்குச் சொத்துரிமை இல்லை. ஆகவே சம்பளம் சபையின் வருமானமே என்பது சபைகளின் வாதம்.

வேப்பூர்ப் பக்கத்து ஏரிப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். மதகு நீர் என் வயலை அடையுமுன்பே, பிறருக்குள்ள உரிமையால் வேறு வாய்க்காலில் திரும்பினால், அது என் நீரன்று. என் வயலில் பாய்ந்தபின் நானே வரப்பை வெட்டி அண்டை வயலுக்கு விட்டால், அது நான் அளித்த கொடை. வருமானத்திற்கும் இப்பாகுபாடு உண்டென்பதை 1960-இல் உச்ச நீதிமன்றம் சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கில் விளக்கியிருக்கிறது.

ஆசிரியையின் சம்பளம் எவ்வகை? பல்லாண்டு சம்பளப் பட்டியலில் கையொப்பமிட்டவன் நான். அதில் ஆசிரியரின் பெயர்தான் இருக்கும். சபையின் பெயர் இராது. அமர்வின் முடிவும் இதுவே: சம்பளம் பணி செய்தவருக்கே உரியது, சபைக்கு அளிப்பது அதன் பின்னர் நிகழ்வது. பழைய சுற்றறிக்கைகள் மிஷனரிகள் பெறும் கட்டணங்களைக் குறித்தவை, சம்பளத்தைக் குறித்தவையல்ல. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சபைகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இதனால் சபையின் தொண்டுக்குச் செல்லும் தொகை குறையும், அது வருத்தமே. ஆயினும் கொடுப்பவரின் உள்ளத்தை அளந்து வரி விதிக்கத் தொடங்கினால், யாருடைய தியாகம் பெரிதென்று அதிகாரி நிறுத்துப் பார்க்க நேரும். அத்தராசு அரசின் கையில் இராமலிருப்பதே எல்லாச் சமயத்தாருக்கும் நன்று. வரி போக எஞ்சியதையும் தமக்கென வைத்துக்கொள்ளாதவரின் துறவை எந்தத் தீர்ப்பும் குறைத்துவிடாது.