பாதங்களையும் பேணுவோம்



இஸ்லாமிய வரலாற்றில் ஒரு படையெடுப்பு கந்தைத் துணிகளால் பெயர் பெற்றது. அதுவே ‘தாதுர் ரிகாஃ’. ஆறு பேருக்கு ஓர் ஒட்டகம் என்ற நிலையில் ஸஹாபாக்கள் முறைவைத்து ஏறிச் சென்றனர். மீதி வழியை நடந்தே கடந்தனர். பாதங்கள் புண்ணாகின. அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரழி) அவர்களின் நகங்களும் கழன்று விழுந்தன. அவர்கள் கால்களில் கந்தைத் துணிகளைச் சுற்றிக்கொண்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

அவர்கள் பொறுமையில் நமக்கு முன்மாதிரிகள். ஆயினும் புண்ணைக் கட்டாமல் விட்டுவிடவில்லை. வலியைப் பொறுப்பது வேறு; காயத்தைப் புறக்கணிப்பது வேறு.

ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் இவ்வேறுபாட்டை அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். ஸஃபா, மர்வாவுக்கிடையிலான ஏழு சுற்றுகள் மட்டுமே சுமார் 3 கிலோமீற்றர் தூரமாகும். நாளாந்தம் இவ்வளவு நடந்து பழகாத பாதத்தில், பாதணி மீண்டும் மீண்டும் உராயும்போது தோலின் அடுக்குகள் பிரிகின்றன. அவ்விடைவெளியில் நீர் சேர்வதே கொப்புளம். ஈரம் உராய்வை அதிகரிக்கும். ஆகவே வுழூச் செய்தபின் விரல் இடுக்குகளையும் நன்கு துடைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் செருப்புடன் பயணம் புறப்படாதீர்கள். சில வாரங்களுக்கு முன்பே அதனை அணிந்து நடந்து பழகுங்கள். வழமையாக உராயும் இடத்தில், நடப்பதற்கு முன்னரே, உலர்ந்த தோலின் மீது மருந்தகங்களில் கிடைக்கும் காகித ஒட்டுநாடாவை ஒட்டலாம். ஓரிடம் சூடாகி எரிவதை உணர்ந்தால் அங்கேயே நின்று கவனியுங்கள். அதுவே கொப்புளத்தின் முன்னறிவிப்பு.

கொப்புளம் சிறியதெனில் உடைக்காதீர்கள். மூடிப் பாதுகாத்தால் தானாகவே ஆறிவிடும். பெரிதாகி நடக்க இயலாதபடி வலித்தால், கைகளையும் அவ்விடத்தையும் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றலாம். மேல் தோலை உரிக்கலாகாது. அதுவே இயற்கையான கட்டு. பின்னர் சுத்தமான துணியால் கட்டுங்கள். கட்டு இருக்கையில் வுழூச் செய்வதற்கும் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதன் முறையை உலமாக்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியன தோன்றினால் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

இளைஞர்களே! நீரிழிவு நோயுள்ள உங்கள் தாய் தந்தையரின் நிலை இதனினும் பாரதூரமானது. நரம்புகள் உணர்விழந்திருந்தால் கொப்புளம் உடைந்தாலும் அவர்களுக்கு வலிக்காது. கவனியாது விட்ட ஒரு சிறு புண், காலையே அகற்றும் நிலைக்கு இட்டுச் செல்லலாம். அவர்களின் கொப்புளத்தை வீட்டில் குத்தாதீர்கள், வைத்தியரிடமே காட்டுங்கள். அவர்களை வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோம் என அஞ்சி உங்கள் புண்ணை மறைக்காதீர்கள். மறைக்கப்பட்ட புண்ணே பின்னர் பெருஞ்சுமையாகிறது.

ஒவ்வோர் இரவும் உம்மாவின், வாப்பாவின் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையில் இதுவும் அடங்கும்.

நம் அனைவரின் பாதங்களையும் நன்மையின் பாதையில் நடக்கும் பாதங்களாக அல்லாஹு தஆலா ஆக்கியருள்வானாக! ஆமீன்.